சாவியைத் தொடாதவர்

அர்த்தனாரி அண்ணனுக்கு நடந்தது அநியாயம், அக்கா. எங்கள் வீட்டு லாரியை ஓட்டியே தலை நரைத்த மனிதர். அவரை, மைலேஜ் படிக்கு ஆசைப்பட்டுப் புது வண்டியின் டேங்கில் பாய்லர் ஆயிலை ஊற்றிக் கெடுத்தவர் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பியதோடு விட்டார்களா? லாரி ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு போட்டார்கள். ‘இவரை நம்பி யாரும் வண்டி தர வேண்டாம்.’ போட்டது யாரோ இல்லை. என் அப்பா.

நான் அழவில்லை. நீங்கள் கேட்டீர்களே என்று சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பட்டிமன்ற மேடையில்கூட வந்திருக்கிறது, அதைப் பார்த்து நடுவர் எனக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

பஸ் ஜன்னலைச் சாத்திவிடட்டுமா? முன்னால் போகிற லாரி இப்படிக் கக்குகிறது பாருங்கள். பழைய வண்டி. புது வண்டிகள் இப்படிக் கக்காது. பி.எஸ். சிக்ஸ் என்பார்கள். புகைக்குழாயில் வடிகட்டி இருக்கும், அதற்குத் தனியாக யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் புது வண்டியும் அதுதான். அப்பா கடனை உடனை வாங்கி எடுத்த வண்டி.

பழைய வண்டி இருந்ததே, அது எதைக் குடித்தாலும் ஓடும். அர்த்தனாரி அண்ணன் அதற்கு ஊற்றாதது கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார், பாய்லர் ஆயில் ஊற்றியிருக்கிறார். நான் அவரைப் புனிதராக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு உண்டு. அதைவிடக் குறைவாக ஓட்டினால் மிச்சம் டிரைவருக்கு. அதுதான் மைலேஜ் படி. எல்லா டிரைவரும் செய்கிறதுதான், எல்லா ஓனருக்கும் தெரிந்ததுதான். வண்டி புகைந்துகொண்டே ஓடும், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் புது வண்டி வந்த அன்று அப்பா அவரைக் கூப்பிட்டார். பூஜை முடிந்து, தட்டில் சந்தனம் குங்குமத்தோடு சாவி இருந்தது. “ஏப்பா அர்த்தனாரி, இது பழைய எருமை இல்ல. இதுக்கு டீசலத் தவிர ஒரு சொட்டு வேற எதுவும் போகக் கூடாது. சாவியத் தொட்டுச் சொல்லு” என்றார். அவர் தொட்டுச் சொன்னார்.

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்குக் கோயில் சத்தியமெல்லாம் அப்புறம்தான், அக்கா. சாவியைத் தொட்டுச் சொன்னால் முடிந்தது பேச்சு. சாவியைத் தொட்டுப் பொய் சொன்னவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் வண்டி அவனைக் கொண்டுபோய்விடும் என்று நம்புகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கோயம்புத்தூரில். அம்மாவும் கூடப் போய்விட்டாள். எனக்குச் செமஸ்டர் விடுமுறை. போகும்போது அப்பா சொன்னார், “வர்ற வரைக்கும் வண்டிய நீ பாத்துக்க சாமி.” அந்த வார்த்தையை நான் எத்தனை வருஷமாக எதிர்பார்த்தேன் தெரியுமா? ஒரே பெண் நான். ஆனால் பட்டறைப் பக்கம் போனாலே, “உள்ள போ கண்ணு, கிரீஸ் ஒட்டிக்கும்” என்பார்கள். எனக்கு லாரி தெரியாதா? லாரிச் சோற்றில் வளர்ந்தவள்தானே நான்?

ஆபரேஷன் அன்றைக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றி வண்டி வாசலில் நிற்கிறது. அது சாயங்காலத்துக்குள் தொப்பூர் மேடு ஏறியாக வேண்டும். அர்த்தனாரி அண்ணன் வந்து நிற்கிறார். “டீசல் பத்தாதுங் பாப்பா. பங்க்ல கார்டு தேய்ச்சா நம்பர் கேக்குது. நம்பர் ஓனர் போனுக்குப் போகுது. போன் சுவிட்ச் ஆப்ல இருக்குது.”

எங்கள் வண்டிக்கொட்டகையில் பீப்பாய்கள் நிற்கின்றன. பள்ளிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லரை விறகுக்கு மாற்றினார்கள். மீந்த ஆயிலை அப்பா ஜெனரேட்டருக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தார். டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். நான் ஏற்கெனவே ஒரு பாட்டிலில் பிடித்து எங்கள் துறை லேபுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறேன். அடர்த்தி, தீப்பற்றும் வெப்பநிலை எல்லாம். டீசலுக்குப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. ஒரே கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது அடுத்தடுத்து இறங்குகிற அண்ணன் தம்பிகள்தானே இரண்டும்? ஒன்று லாரிக்குப் போனால் டீசல், இன்னொன்று பாய்லருக்குப் போனால் பாய்லர் ஆயில். பெயரில்தான் வித்தியாசம் என்றேன்.

யாரிடமா? அவரிடம்தான். வேறு யார் இருந்தார்கள் அங்கே?

அவர் தலையை ஆட்டினார். “இந்த வண்டி ஒத்துக்காதுங் பாப்பா.”

“ஏன் ஒத்துக்காது? காரணம் சொல்லுங்க அண்ணா.”

“காரணமெல்லாம் எனக்கெங்கீங் தெரியும்? கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சுக்குமுங்.”

நான் சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டர் என்ன, நாக்கை நீட்டி நக்கியா பார்க்கும்? இப்படி அறிவியல் இல்லாமல் பேசினால் எனக்குத் தாங்காது. அவர் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று நினைக்காதீர்கள். வாதத்தில் ஆளைப் பார்க்கக் கூடாது, கருத்தைத்தான் பார்க்க வேண்டும். கருத்து அவரிடம் இல்லை.

“ஓனர் வெளிய வரட்டுமுங். ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். லோடு நாளைக்குப் போனா ஒண்ணும் ஆயிராது” என்றார்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் பெண், அக்கா, நீங்களும் பெண். உங்களுக்குப் புரியும். “அப்பா சொல்லியிருந்தா ஊத்தியிருப்பீங்கல்ல? நான் பொண்ணு, அதனாலதான இவ்வளவு யோசனை?” என்று கேட்டேன்.

“அய்யோ, அப்படி இல்லீங் பாப்பா...”

“அப்புறம் எப்படி?”

“ஓனர்கிட்டச் சாவியத் தொட்டுச் சொல்லியிருக்கனுங்.”

“அது அப்பாகிட்ட. இன்னைக்கு ஓனர் நான்தான்.”

பேசவில்லை அவர். என்னைப் பார்க்கவும் இல்லை. போய் டியூபை எடுத்து வந்தார். பீப்பாயைத் தானே உருட்டினார். ஊற்றும்போது துணியை நாலாக மடித்து டேங்க் வாயில் கட்டி வடிகட்டினார், அது ஞாபகம் இருக்கிறது. ஊற்றி முடித்ததும் கையைக் கழுவப் போனவர் ரொம்ப நேரம் குழாயடியிலேயே இருந்தார். அவர் ஒத்துக்கொண்டார் என்றுதானே அதற்கு அர்த்தம்? பட்டிமன்றத்தில் எதிரணி எழுந்து பேசவில்லை என்றால் தீர்ப்பு நம் பக்கம்தான்.

வண்டி தொப்பூர் மேட்டில் நின்றுவிட்டது. விபத்தெல்லாம் இல்லை, கடவுள் புண்ணியம். விளக்கு எரிந்ததாம், சத்தம் கேட்டதாம், மிதித்தால் இழுக்கவில்லையாம். பின்னால் வந்த வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, ஓரம்கட்டி நிறுத்திவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தார். “பாப்பா, நின்னுருச்சுங்.” அவ்வளவுதான் சொன்னார். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவர் சொல்லாமல் இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனார்கள். அங்கே இஞ்சினியர் டேங்கைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு மூடினார். வடிகட்டி போச்சு, இஞ்செக்டர் போச்சு, பம்பும் போகலாம், வாரண்டி கிடையாது என்றார். காரணம் கேட்டேன். “சல்ஃபர் மேடம்” என்றார். கந்தகம். இந்த வண்டிக்கு விற்கிற டீசலில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். பாய்லர் ஆயிலில் அது எக்கச்சக்கம். பாய்லருக்கு அது பரவாயில்லை. பழைய வண்டிக்குக்கூடப் பரவாயில்லை. புது வண்டியின் புகைக்குழாயில் இருக்கிற வடிகட்டிக்கும் அதிலுள்ள, புகையைச் சுத்தமாக்குகிற மருந்துப் பூச்சுக்கும் அது விஷம்.

எனக்கு இது தெரியாதா, அக்கா? தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கந்தகத்தைப் பற்றி யார் பேசினார்கள்? அவர் கம்ப்யூட்டர் என்றார், நான் கம்ப்யூட்டருக்குப் பதில் சொன்னேன். கந்தகம் என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருந்தால் நானே வேண்டாமென்று சொல்லியிருப்பேன். எங்கள் துறையில் கந்தகத்தை அளக்கிற கருவி ரிப்பேராகிப் பல மாதமாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. அதைக் கேட்க நாதி இல்லை. அரசாங்கம் ஒரே மாதிரி எரிகிற எண்ணெயை இரண்டு விதமாக விற்கிறது, அதைக் கேட்கவும் நாதி இல்லை. கடைசியில் மாட்டிக்கொண்டது ஓர் ஏழை டிரைவர்.

அப்பா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். யாரோ ஏற்கெனவே போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். லாரி ஓனர் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆபீஸ் ரூம் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அர்த்தனாரி அண்ணன் நின்றார்.

அப்பா ஸ்டூல் மேல் வண்டிச் சாவியை வைத்தார். “ஆயில ஊத்துனது நீ இல்லைன்னா சாவியத் தொட்டுச் சொல்லு. விட்டர்றன்.”

கேள்வியே தப்பு, அக்கா! நீங்கள் கவனித்தீர்களா? நான் அப்போதே கவனித்தேன். ‘படிக்கு ஆசைப்பட்டு ஊத்துனியா’ என்று கேட்டிருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் தொட்டு இல்லை என்றிருப்பார். ‘உன் இஷ்டத்துக்கு ஊத்துனியா’ என்று கேட்டிருந்தாலும் தொட்டிருப்பார். ‘ஊத்துனது நீ இல்லைன்னா’ என்று கேட்டால் அந்த மனிதர் எப்படித் தொடுவார்? ஊற்றிய கை அவருடையதுதானே? கேள்வியை வைக்கத் தெரியாதவர்களெல்லாம் நாட்டாமை செய்ய வந்தால் இப்படித்தான்.

அவர் சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

“ஏப்பா, வாய்ல என்ன இருக்குது? நானா ஊத்தச் சொன்னேன்?” என்றார் அப்பா.

“இல்லீங் ஓனர். நீங்க சொல்லலீங்.”

“அப்புறம்?”

சங்கத்து ஆள் ஒருத்தர், “பழைய வண்டியில பழகுன கை. எங்க போகும்?” என்று சிரித்தார். இன்னொருத்தர், “அது சரி, ஒரு பீப்பாய் ஊத்துனா வண்டி அப்படியா கெட்டுரும்? அந்த ஆயில்ல அப்படி என்னதான் இருக்குது?” என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை, ஆனால் குரலில் பெருமை தெரிந்தது. “எம் பொண்ணு இதுக்குத்தான் படிக்கிறா. சொல்லு சாமி, அதுல என்ன இருக்குதுன்னு.”

நான் சொன்னேன். கேட்டார்கள், சொன்னேன். கந்தகம் எரிந்தால் என்ன ஆகும், அது மருந்துப் பூச்சின் மேல் எப்படிப் படியும், வடிகட்டி எப்படி அடைக்கும், டீசலுக்கும் பாய்லர் ஆயிலுக்கும் எங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை, எல்லாம் அவர்களுக்குப் புரிகிற பாஷையில். கையில் ஒரு டம்ளர் டீ இருந்தது, அதையே காட்டி விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். சங்கத்து ஆள், “கலெக்டர் ஆயிருவா போலிருக்குது உம் பொண்ணு” என்றார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அர்த்தனாரி அண்ணனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊற்றச் சொன்னது யார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, அக்கா. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறைத்திருக்க மாட்டேன். நான் பொய் பேசுகிறவள் இல்லை. இன்று வரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

என்ன கேட்டீர்கள்? அப்பாவிடம் அப்புறம் சொன்னேனா?

கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. அதிகம் குனியவே கூடாது என்கிறார்கள். கண் ஆறட்டும் என்றுதான் இருந்தேன். ஆறியதும் வண்டி ரிப்பேருக்கு அலைந்துகொண்டிருந்தார், அந்த நேரத்தில் போய்... அப்புறம் எனக்குக் காலேஜ் திறந்துவிட்டது. இதெல்லாம் போனில் பேசுகிற விஷயமா? பாருங்கள், நான் சொல்வதால் வண்டி சரியாகிவிடுமா? என் வாதம் அதுதான். சொல்லி என்ன ஆகப் போகிறது? அப்பாவுக்கு என் மேல் இருக்கிற நம்பிக்கை போகும். அதற்கப்புறம் எந்தப் பெண்ணையும் பட்டறைப் பக்கம் விட மாட்டார்கள். ‘பொம்பளை கையில கொடுத்தா இப்படித்தான்’ என்று ஊரே பேசும். என் ஒருத்தி பிரச்சினையா இது? நீங்கள் அந்தக் கோணத்திலும் யோசிக்க வேண்டும்.

ஆனால் அவருக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அதனால்தான் இன்று காலையில் அவரைப் பார்க்கப் போனேன்.

எங்கே இருக்கிறார் தெரியுமா? சங்ககிரி பைபாஸில் ஒரு வாட்டர் சர்வீஸில். லாரி கழுவுகிறார். வண்டி ஓட்டியவர், யாரும் சாவி தரவில்லை என்று, முழங்கால் வரை பேன்டைச் சுருட்டிக்கொண்டு ஊரார் வண்டியின் சேற்றைக் கழுவுகிறார். கழுவிய வண்டியை ஓரம்கட்டக்கூட அவரை விட மாட்டேன் என்கிறார்கள். அந்தந்த டிரைவர் வந்து எடுக்கும் வரை தள்ளி நிற்கிறார். நான் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு வந்து பஸ் ஏறியபோதுதான் நீங்கள் கேட்டீர்கள், ஏன் அழுகிறாய் என்று.

அவர் மனைவி பாவாயி அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் கல்லைத் தட்டி, “உக்காரு கண்ணு. ஓனருக்குக் கண்ணு தேவலைங்களா?” என்றாள். அவளுக்கும் அவர் சொல்லவில்லை, அக்கா. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்திருந்தால் இப்படித் தயிர்ச்சோற்றில் எனக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பாளா? வேண்டாம் என்றேன். “ஹாஸ்டல் சோறு தின்னு எப்படி எளைச்சுப் போயிருச்சு பாரு” என்று கையில் திணித்தாள். தின்றேன்.

அவள் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அவரிடம் பேசினேன். அரை மணி நேரமாவது பேசியிருப்பேன். விடக் கூடாது அண்ணா என்றேன். டிரைவர் சங்கத்துக்குப் போகலாம், தொழிலாளர் ஆபீசுக்குப் போகலாம், விசாரிக்காமல் பேரைக் கெடுத்ததற்கு வழக்கே போடலாம் என்றேன். படிக்காக ஊற்றினார் என்பதற்கு ஆதாரம் எங்கே? கேள்வி வைத்ததே தப்பு, அதனால் தீர்ப்பும் தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நீங்கள் சரி என்று சொல்லுங்கள், நானே எல்லாம் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் பைப் இணைப்பில் சர்ரென்று பீறிட்டது, அவர் கவனிக்கவில்லை.

“எதுக்குங் பாப்பா அதெல்லாம்” என்றார்.

எல்லாப் பாயிண்டும் தீர்ந்துபோய்விட்டது. இருந்தும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிற மாதிரி இருந்தது. அதை நான் கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டுவிட்டேன்.

“அண்ணா, அன்னைக்கு அப்பா சாவிய வெச்சுக் கேட்டாருல்ல. நீங்க ஏன் என் பேரச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே? ஏன் அப்படியே நின்னீங்க?”

இதைக் கேட்கும்போது அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, அக்கா. நிஜமாகவே வந்தது. சொல்லியிருந்தால் எனக்கும் இந்த அவஸ்தை இல்லையே?

அவர் காலை எடுத்தார். பைப்பில் தண்ணீர் மறுபடி வந்தது. அதைக் கீழே விட்டுவிட்டு, ஈரக்கையைப் பின்னால் துடைத்துக்கொண்டு, அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் பேசிட்டிருந்தீங்களே பாப்பா. பேசி முடிக்கட்டும்னு நின்னனுங்.”